லாம்டாவிலிருந்து ஃபீல்ட் பெயர் வரை: ஏஎஸ்பி.நெட் எம்விசி ஃபார்ம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு பில்லிங் பக்கம் எழுதினேன். மேலே வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும், கீழே பொருள்களின் வரிசை. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. சேமி பட்டனை அழுத்தினால் பெயரும் முகவரியும் மட்டும் சர்வருக்கு வந்து சேர்ந்தன; பொருள்களின் பட்டியல் நல் (null, அதாவது ஒன்றுமே இல்லை). எரர் ஒன்றும் இல்லை. பாதி நாள் டேட்டாபேஸ் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பிரவுசரில் வியூ சோர்ஸ் போட்டுப் பார்த்தால், ஐந்து வரிசைகளிலும் இருந்த இன்புட்டுகளுக்கு நேம் ஒன்றேதான்: "பொருள்.விலை".

அந்தப் பெயரை நான் எழுதவில்லை. நான் எழுதியது ஒரு லாம்டா, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷன். அதைப் படித்து ஏஎஸ்பி.நெட் எம்விசி (மைக்ரோசாஃப்டின் வெப் ஃபிரேம்வொர்க்) தானாக உருவாக்கிய பெயர் அது. எப்படிப் படிக்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது, நாமே அப்படி ஒன்றை எழுதினால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒரு சிறு குறிப்பு. உதாரணங்களில் கிளாஸ், ப்ராபர்ட்டி பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். விளையாட்டுக்கு இல்லை, சி ஷார்ப் கம்பைலர் தமிழ் எழுத்தில் உள்ள பெயர்களை உண்மையாகவே ஏற்றுக்கொள்ளும். (அதில் ஒரு வில்லங்கமும் உண்டு, பின்னால் வருகிறது.)

தேவை எங்கிருந்து வந்தது

பிரவுசர் ஃபார்மை அனுப்பும்போது போவது வெறும் பெயர்-மதிப்பு ஜோடிகள்தான். "முகவரி.ஊர்" என்ற பெயரில் "மதுரை" வந்தால், மாடல் பைண்டர் (வந்த மதிப்புகளை சி ஷார்ப் ஆப்ஜெக்ட்டில் நிரப்பும் பகுதி) அந்தப் பெயரைப் புள்ளியில் உடைத்து, பில்லின் முகவரிக்குள் போய், ஊர் என்ற ப்ராபர்ட்டியில் மதுரையை வைக்கும். ஆக, நேம் என்பது பக்கத்தை எழுதுகிறவருக்கும் பைண்டருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம்.

2009-இல் வந்த எம்விசி 1.0-இல் அந்தப் பெயரை நாமே ஸ்ட்ரிங்காகத் தட்ட வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாயே திறக்காது. ப்ராபர்ட்டியின் பெயரை மாற்றினால் வியூவில் (பக்கத்தின் எச்டிஎம்எல்லை எழுதும் கோப்பில்) பழைய பெயர் அப்படியே கிடக்கும். 2010-இல் எம்விசி 2 வந்தபோது டெக்ஸ்ட்பாக்ஸ்ஃபார், எடிட்டர்ஃபார் போன்ற, இன்புட்டை எழுதித் தரும் "ஃபார்" ஹெல்ப்பர்கள் சேர்ந்தன. அவற்றுக்கு ஸ்ட்ரிங்குக்குப் பதில் லாம்டா கொடுத்தால் போதும்:

வி => வி.முகவரி.ஊர்

இப்போது ஊர் என்பதைத் தவறாக எழுதினால் கம்பைலர் கவனித்துக்கொள்ளும். ஆனால் பிரவுசருக்குப் போக வேண்டியது இன்னமும் ஸ்ட்ரிங்தான். அந்த மாற்றத்தை எம்விசி-யில் செய்வது எக்ஸ்பிரஷன்ஹெல்ப்பர் என்ற கிளாஸில் உள்ள கெட்எக்ஸ்பிரஷன்டெக்ஸ்ட் என்ற மெத்தட்.

படி 1: லாம்டாவை ஓட்டாதே, படி

ஒரே லாம்டா இரண்டு விதமாக மாறலாம். வாங்கிக்கொள்ளும் மெத்தடின் பாராமீட்டர் வெறும் ஃபங்க் டைப் என்றால், கம்பைலர் அதை ஓடும் கோடாக மாற்றிவிடும். கூப்பிட்டால் "மதுரை" கிடைக்கும். அது எந்த வழியாக வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. அதே ஃபங்கை எக்ஸ்பிரஷன் என்ற டைப்புக்குள் வைத்து வாங்கினால், கம்பைலர் லாம்டாவை ஒரு மரமாகக் கட்டிக் கையில் கொடுக்கும். 2007-இல் சி ஷார்ப் 3-உடன் வந்த எக்ஸ்பிரஷன் ட்ரீ இதுதான். டேட்டாபேஸ் குவெரிகளுக்காகப் பேசப்பட்ட வசதி. ஃபார்ம் பெயர்களுக்கும் கை கொடுத்தது.

மரத்தைப் படிப்பதால் ஒரு பெரிய நன்மை: முகவரி நல் ஆக இருந்தாலும் பெயர் கண்டுபிடிப்பதில் சிக்கல் வராது, ஏனென்றால் யாரும் முகவரிக்குள் போய்ப் பார்க்கவில்லை. மதிப்பை எடுக்கும்போதுதான் லாம்டா நிஜமாக ஓடும். அங்கே நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன் வந்தால் எம்விசி அதைப் பிடித்துக்கொண்டு, மதிப்பு நல் என்று எடுத்துக்கொள்கிறது.

பெயரை ஸ்ட்ரிங்காகத் தரும் நேம்ஆஃப் சி ஷார்ப்பில் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. எத்தனை புள்ளி வைத்து எழுதினாலும் அது கடைசித் துண்டை மட்டும்தான் தரும். முகவரி.ஊர் கொடுத்தால் "ஊர்" வரும், அவ்வளவுதான்.

படி 2: மரம் தலைகீழாக நிற்கிறது

வி.முகவரி.ஊர் என்று நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறோம். மரத்தின் உச்சியில் இருப்பதோ கடைசியில் எழுதிய ஊர். அது ஒரு மெம்பர்ஆக்சஸ் நோட். அதற்குள் போனால் முகவரி, இன்னொரு மெம்பர்ஆக்சஸ். அதற்கும் உள்ளே வி, அது பாராமீட்டர் நோட். தபால் பிரிப்பவர் கவரின் கடைசி வரியில் உள்ள பின்கோடிலிருந்து மேலே போவது போல, நாமும் கடைசியில் தொடங்கி முன்னுக்குப் போக வேண்டும். அதனால்தான் துண்டுகளைச் சேர்த்து வைக்க ஸ்டாக் தேவைப்படுகிறது. கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வரும். வரிசை தானாக நேராகிவிடும்.

படி 3: நடந்து போகும் லூப்

எம்விசி-யின் மெத்தட் செய்வதைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

பகுதி = லாம்டாவின் பாடி
பகுதி இருக்கும் வரை:
— மெம்பர்ஆக்சஸ் என்றால்: புள்ளியும் மெம்பரின் பெயரும் ஸ்டாக்கில்; பகுதி = அதற்கு உள்ளே இருப்பது
— அரேஇண்டெக்ஸ் என்றால்: சதுர அடைப்புக்குள் இண்டெக்ஸின் மதிப்பு ஸ்டாக்கில்; பகுதி = இடப்பக்கம்
— மெத்தட் கால் என்றால்: அது ஒற்றை ஆர்க்யுமென்ட் இண்டெக்ஸரா? ஆம் என்றால் மேலே சொன்ன மாதிரியே. இல்லை என்றால் நிறுத்து
— பாராமீட்டர் என்றால்: வெற்று ஸ்ட்ரிங் ஒன்றை ஸ்டாக்கில் போட்டு, முடி
— வேறு எது என்றாலும்: நிறுத்து
ஸ்டாக்கின் மேலே ".மாடல்" இருந்தால் அதைத் தூக்கிப் போடு
மிச்சத்தை ஒட்டு, முன்னால் நிற்கும் புள்ளியை வெட்டு

நம் உதாரணத்தில் முதலில் ".ஊர்", பிறகு ".முகவரி", கடைசியில் வெற்று ஸ்ட்ரிங். எடுத்து ஒட்டினால் ".முகவரி.ஊர்", முன்புள்ளியை வெட்டினால் வேலை முடிந்தது.

அரேவும் லிஸ்டும் ஏன் தனித்தனியாக? எழுதும்போது இரண்டுக்கும் ஒரே சதுர அடைப்புதான். மரத்தில் அரே ஒரு பைனரி நோட், லிஸ்ட் ஒரு மெத்தட் கால். லிஸ்டின் இண்டெக்ஸர் உள்ளுக்குள் ஒரு கெட்டர் மெத்தட். ஒன்றை மட்டும் கையாண்டுவிட்டு "என் கோடில் அரே வேலை செய்கிறது, லிஸ்ட் செய்யவில்லை" என்று தலையைச் சொறிவது, சொந்தமாக இதை எழுதுகிற எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும்.

அந்த வெற்று ஸ்ட்ரிங் எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. விஷயம் இதுதான். சிலர் லாம்டாவின் பாராமீட்டரைக் கண்டுகொள்ளாமல், பக்கத்தின் மாடல் ப்ராபர்ட்டியை நேராகப் பிடித்து வி => மாடல்.முகவரி.ஊர் என்று எழுதுவார்கள். அப்போது பெயர் "மாடல்.முகவரி.ஊர்" என்று வந்தால் பைண்டர் திண்டாடும், அதனால் முன்னால் உள்ள மாடலை வெட்டுகிறார்கள். ஆனால் பழைய கார் விற்கும் தளம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கார் கிளாஸில் மாடல் என்றே ஒரு ப்ராபர்ட்டி இருக்கும். வி => வி.மாடல் என்று எழுதினால் அதையும் வெட்டிவிடக் கூடாதே! பாராமீட்டரில் போய் முடிந்த பாதையில் ஸ்டாக்கின் உச்சியில் வெற்று ஸ்ட்ரிங் உட்கார்ந்திருப்பதால், வெட்டும் கத்தி அதோடு நின்றுவிடுகிறது. சோர்ஸில் இதற்கு மேலே ஒரு பக் எண்ணைக் கமென்ட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ அனுபவித்துச் சொன்னதுதான்.

படி 4: இண்டெக்ஸை மட்டும் ஓட்டு

வி => வி.பொருள்கள்[எ].விலை என்ற லாம்டாவில் எ என்பது ஃபார் லூப்பின் மாறி. மரத்தில் அது 0, 1 என்ற எண்ணாக இருக்காது; "எ என்ற மாறியைப் படி" என்ற ஒரு துணை மரமாகத்தான் இருக்கும். பெயரில் எண் வேண்டும் என்றால் அந்தத் துண்டை மட்டும் ஓட்டித்தான் ஆக வேண்டும். எம்விசி அந்தத் துணை மரத்தைத் தனி லாம்டாவாகச் சுற்றி, கம்பைல் செய்து, கிடைத்த மதிப்பை ஸ்ட்ரிங்காக மாற்றி, அடைப்புக்குள் வைக்கிறது. முடிவு "பொருள்கள்[0].விலை".

இதில் மூன்று விஷயங்கள். மதிப்பை ஸ்ட்ரிங்காக மாற்றும்போது இன்வேரியன்ட் கல்ச்சர் (எந்த நாட்டு எழுத்துமுறையையும் சாராத அமைப்பு) பயன்படுத்த வேண்டும். டிக்ஷனரிக்கு டெசிமல் கீ வைத்திருப்பவர் ஜெர்மன் கல்ச்சரில் ஓட்டினால் புள்ளி இருந்த இடத்தில் கமா வந்து நிற்கும். அடுத்து, இண்டெக்ஸ் லாம்டாவின் பாராமீட்டரையே நம்பி இருக்கக் கூடாது. வி.பொருள்கள்[வி.தேர்வு] என்று எழுதினால், தனியாகச் சுற்றிய லாம்டாவுக்கு வி யார் என்று தெரியாது, எக்ஸெப்ஷன் வரும். மூன்றாவது, கேஷ். ஒரே லாம்டாவுக்கு ஒவ்வொரு முறையும் மரம் ஏறி இறங்குவது வீண் என்று பெயரைச் சேமித்து வைக்கத் தோன்றும். இண்டெக்ஸ் உள்ளதைச் சேமிக்கவே கூடாது. மரத்தின் வடிவம் அதேதான், எண் மட்டும் சுற்றுக்குச் சுற்று மாறும். எம்விசி-யின் அடுத்த தலைமுறையான ஏஎஸ்பி.நெட் கோரிலும் இண்டெக்ஸர் உள்ள லாம்டாக்களைக் கேஷில் வைப்பதில்லை.

படி 5: ஃபார்ஈச் பொறி

என் பில்லிங் பக்கத்துக்கு வருவோம். நான் எழுதியது இது: மாடல்.பொருள்கள் மேல் ஒரு ஃபார்ஈச், ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் பெயர் பொருள், உள்ளே டெக்ஸ்ட்பாக்ஸ்ஃபாருக்கு வி => பொருள்.விலை. படிக்க அழகாகத்தான் இருக்கிறது.

லாம்டாவுக்கு வெளியே உள்ள மாறியை உள்ளே பயன்படுத்தினால், கம்பைலர் ரகசியமாக ஒரு கிளாஸ் உருவாக்கி, அந்த மாறியை அதன் ஃபீல்டாக மாற்றிவிடும். குளோஷர் என்பது அதுதான். இப்போது மரத்தில் நடங்கள். உச்சியில் விலை, மெம்பர்ஆக்சஸ். உள்ளே பொருள், அதுவும் மெம்பர்ஆக்சஸ், ஏனென்றால் அது அந்த ரகசிய கிளாஸின் ஃபீல்ட். அதற்கும் உள்ளே அந்த கிளாஸின் ஆப்ஜெக்ட், ஒரு கான்ஸ்டன்ட் நோட். "வேறு எது என்றாலும் நிறுத்து". கையில் மிஞ்சுவது "பொருள்.விலை". பட்டியலின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. இந்தப் பொருள் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்ற செய்தி மரத்தில் எங்குமே கிடையாது. ஃபிரேம்வொர்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை, அதனிடம் அந்தத் தகவலே போய்ச் சேரவில்லை.

தீர்வு இரண்டு. ஃபார் லூப் போட்டு வி.பொருள்கள்[எ].விலை என்று எழுதலாம். இல்லையென்றால் பொருளுக்கு ஒரு எடிட்டர் டெம்ப்ளேட் (ஒரு டைப்பின் இன்புட்டுகளை மட்டும் வரையும் சிறு வியூ) எழுதி வைத்துவிட்டு, லூப்பே இல்லாமல் எடிட்டர்ஃபாருக்கு வி => வி.பொருள்கள் என்று முழுப் பட்டியலையும் கொடுக்கலாம். எண்களை அதுவே போட்டுக்கொள்ளும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வியூவில் லூப் இருந்தால் யாராவது ஒருநாள் அதை "சுத்தம் செய்து" ஃபார்ஈச் ஆக்கிவிடுவார்கள்.

படி 6: சத்தமில்லாமல் தப்பாகும் இடங்கள்

வி => வி.பொருள்கள்.ஃபர்ஸ்ட்().விலை என்று எழுதினால் என்ன பெயர் வரும்? ".விலை" ஸ்டாக்கில் ஏறும். அடுத்து ஃபர்ஸ்ட், அது மெத்தட் கால், ஆனால் இண்டெக்ஸர் இல்லை, நிறுத்து. பெயர் "விலை". எரர் கிடையாது. பில்லிலேயே விலை என்று வேறொரு ப்ராபர்ட்டி இருந்தால் முதல் பொருளின் விலை அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓடக்கூடிய பிழை இது.

இன்னொன்று, சொந்த ஹெல்ப்பர் எழுதுபவர்களைக் கடிப்பது. பாராமீட்டரின் ரிட்டர்ன் டைப்பை ஆப்ஜெக்ட் என்று வைத்துவிடுவார்கள். ஸ்ட்ரிங் ப்ராபர்ட்டிகளுக்கு எல்லாம் சரியாக வரும். இன்ட், டெசிமல், தேதி வந்தால் பெயர் காலி! வேல்யூ டைப்பை ஆப்ஜெக்ட்டாக்க கம்பைலர் மரத்தின் உச்சியில் கன்வர்ட் என்ற நோட் ஒன்றைச் சொருகுகிறது; லூப் முதல் அடியிலேயே நின்றுவிடுகிறது. எம்விசி-யின் ஹெல்ப்பர்கள் ப்ராபர்ட்டியின் டைப்பை ஜெனரிக்காக வாங்குவதால் இதில் மாட்டுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். முடியாவிட்டால் கன்வர்ட்டைக் கண்டதும் உரித்துவிட்டு உள்ளே போங்கள்.

என்னைக் கேட்டால், "வேறு எது என்றாலும் நிறுத்து" என்ற வரிதான் இத்தனைக்கும் காரணம். நான் எழுதும் ஹெல்ப்பர்களில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: நடை பாராமீட்டரில் முடிய வேண்டும். வேறு எங்கே நின்றாலும் அது பெயரே இல்லை, எக்ஸெப்ஷன். ஃபார்ஈச், ஃபர்ஸ்ட் இரண்டும் இந்த ஒரு விதியில் மாட்டிக்கொள்ளும், அதுவும் பக்கத்தை முதல் தடவை திறக்கும்போதே. எம்விசி ஏன் அப்படிச் செய்யவில்லை என்றால், லோக்கல் மாறியின் பெயரையே ஃபீல்ட் பெயராக்க வேண்டும் என்று தெரிந்தே எழுதுகிறவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். பொது லைப்ரரிக்கு அந்தத் தாட்சண்யம் வேண்டும். நம் ப்ராஜெக்டுக்கு வேண்டியதில்லை.

படி 7: பிரிஃபிக்ஸ்

லாம்டாவிலிருந்து கிடைப்பது பாதிப் பெயர்தான். டெம்ப்ளேட்டுக்குள் இருக்கும்போது மாடல் முகவரி மட்டும்; லாம்டா வி => வி.ஊர், கிடைப்பது "ஊர்". முன்னால் "முகவரி" சேர வேண்டும். வியூடேட்டாவில் உள்ள டெம்ப்ளேட்இன்ஃபோ அந்தப் பிரிஃபிக்ஸை ஞாபகம் வைத்திருக்கிறது, கெட்ஃபுல்எச்டிஎம்எல்ஃபீல்ட்நேம் அதை ஒட்டித் தருகிறது. ஒட்டும்போது நடுவில் புள்ளி, ஆனால் இரண்டாவது துண்டு "[" என்று தொடங்கினால் புள்ளி கூடாது.

எடிட்டர்ஃபார் இதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். பார்ஷியல் வியூ (வேறொரு பக்கத்துக்குள் செருகும் சிறு வியூ) பார்க்காது! முகவரியைப் பார்ஷியலுக்கு மாடலாக அனுப்பினால் "ஊர்" என்று மொட்டையாக வரும். எடிட்டர் டெம்ப்ளேட்டுக்கு மாறுங்கள். கோரில் என்றால் பார்ஷியல் டேக் ஹெல்ப்பரின் மாடல் ஆட்ரிபியூட்டுக்குப் பதில் ஃபார் ஆட்ரிபியூட்டைப் பயன்படுத்துங்கள், அது பிரிஃபிக்ஸையும் கூட அனுப்பும்.

முழுப் பெயர் என்ன வருகிறது என்று பார்க்க வியூ சோர்ஸ் வரை போக வேண்டியதில்லை. நேம்ஃபார் என்ற ஹெல்ப்பர் எம்விசி 4-லிருந்து இருக்கிறது. லாம்டாவைக் கொடுத்தால் பெயரைப் பக்கத்திலேயே அச்சிட்டுக் காட்டும்.

படி 8: ஐடி, அப்புறம் தமிழ்ப் பெயர்களின் வில்லங்கம்

நேமிலிருந்துதான் ஐடி-யும் பிறக்கிறது. புள்ளி, சதுர அடைப்பு எல்லாம் அடிக்கோடாக மாறும். ஐடி-யில் எந்த எழுத்து வரலாம் என்பதற்கு ஃபிரேம்வொர்க் இன்னமும் எச்டிஎம்எல் 4.01-இன் விதியைத்தான், அதில் உள்ள புள்ளியை மட்டும் விலக்கிவிட்டு, பிடித்துக்கொண்டிருக்கிறது: ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும், உள்ளே ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், அடிக்கோடு, கோலன் மட்டும்.

தமிழ்ப் ப்ராபர்ட்டி என்ன ஆகும்? கோரில் முதல் எழுத்து ஆங்கில எழுத்தாக இல்லாவிட்டால் அதற்குப் பதில் ஆங்கில எழுத்து "இஸட்" வைக்கப்படும். மற்றவை எல்லாம் அடிக்கோடு. "ஊர்" என்பது யூனிகோடில் மூன்று குறிகள்: ஊ, ர, புள்ளி. ஆகவே ஐடி, இஸட்டும் இரண்டு அடிக்கோடும். "வரி"யும் வ, ர, இகரக் குறி என்று மூன்றுதான். அதன் ஐடி-யும் அதேதான். ஒரே பக்கத்தில் ஊருக்கும் வரிக்கும் ஒரே ஐடி. ஊர் லேபிளைத் தொட்டாலும் வரி லேபிளைத் தொட்டாலும் கர்சர் பக்கத்தில் முதலில் உள்ள பெட்டியில்தான் போய் நிற்கும். பழைய எம்விசி-யில் இன்னும் சுருக்கம்: ஐடி-யே வராது. நேம் மட்டும் இரண்டிலும் நன்றாக இருப்பதால் சேமிப்பது வேலை செய்யும். தமிழ்ப் பெயர்கள்தான் வேண்டும் என்றால் ஐடி-யைக் கையால் எழுதுங்கள்.

படி 9: நடுவில் ஒரு வரிசையை நீக்கினால்

பெயர் சரியாக வந்துவிட்டது, பொருள்கள்[0] முதல் [4] வரை. பயனர் ஜாவாஸ்கிரிப்ட் பட்டனால் [2]-ஐ நீக்குகிறார். பைண்டர் 0, 1 என்று எண்ணிக்கொண்டு போய், 2 இல்லை என்றதும் கடையைக் கட்டிவிடும். 3-உம் 4-உம் போச்சு. ஒவ்வொரு வரிசையிலும் "பொருள்கள்." என்பதோடு இண்டெக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டிய பெயரில் ஒரு ஹிடன் இன்புட் வைத்து, அந்த வரிசையின் எண்ணை மதிப்பாகக் கொடுங்கள். அப்போது பைண்டர் எண்ணிப் பார்க்காமல் அந்தப் பட்டியலைப் பின்பற்றும். எண்தான் என்றில்லை, எந்த ஸ்ட்ரிங்கும் இருக்கலாம்; புதிய வரிசை சேர்க்கும்போது இது பெரிய நிம்மதி.

புதிய பதிப்புகளில்

ஏஎஸ்பி.நெட் கோரில் ஏஎஸ்பி-ஃபார் என்ற ஆட்ரிபியூட்டில் "முகவரி.ஊர்" என்று ஸ்ட்ரிங் மாதிரி எழுதுகிறோம். அது ஸ்ட்ரிங் இல்லை. ரேஸர் (வியூக்களைக் கோடாக மாற்றும் பகுதி) அதை லாம்டாவாக மாற்றித்தான் கம்பைல் செய்கிறது, அதனால் எழுத்துப் பிழை அங்கேயும் மாட்டும். மேலே சொன்ன படிகள் எல்லாம் அதற்கும் பொருந்தும், ஃபார்ஈச் உட்பட. 2019-இல் கோர் 3.0 வந்தபோது எக்ஸ்பிரஷன்ஹெல்ப்பரை வெளியிலிருந்து தொட முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். அதை நேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கோட் கம்பைல் ஆகாமல் நிற்கும். மாடல்எக்ஸ்பிரஷன்ப்ரொவைடரை டிபென்டன்சி இன்ஜெக்ஷன் மூலம் வாங்கி, அதில் உள்ள அதே பெயர்கொண்ட மெத்தடைப் பயன்படுத்துங்கள்.

பிளேஸர் (சி ஷார்ப்பில் வெப் பக்கங்கள் எழுத உதவும் இன்னொரு ஃபிரேம்வொர்க்) கொஞ்சம் வேறு. அங்கே லாம்டாவுக்குப் பாராமீட்டரே கிடையாது; () => மாடல்.முகவரி.ஊர் என்று எழுதுவார்கள். பாராமீட்டரில் முடிய வேண்டும் என்ற என் விதி அங்கே செல்லாது. 2023-இல் டாட்நெட் 8, சர்வரிலேயே வரையும் ஃபார்ம்களைக் கொண்டுவந்தபோது பிளேஸருக்கும் நேம் தேவைப்பட்டது. அங்கே முன்னால் உள்ள மாடல் வெட்டப்படுவதில்லை, பெயர் "மாடல்.முகவரி.ஊர்" என்றே போகும், ஃபார்மிலிருந்து நிரப்பப்படும் ப்ராபர்ட்டியின் பெயரும் அதேயாக இருக்க வேண்டும். எம்விசி பழக்கத்தில் கையால் எழுதிய இன்புட்டுகளுக்கு "முகவரி.ஊர்" என்று நேம் கொடுத்தால், ஃபார்ம் போகும், பக்கம் திரும்ப வரும், ஊர் மட்டும் நல் ஆக இருக்கும்.